காய வைப்பது யார் வேலை

சில வாரங்களுக்கு முன் மாத்தளை நகரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மசாலா அரைக்கிறவர்கள், எண்ணெய் காய்ச்சுகிறவர்கள், தேயிலைத் தொழிற்சாலைக்காரர்கள் எல்லோரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்து, ஒருவர் கழித்துப் போடுவதை மற்றவர் எடுத்துப் பயன்படுத்துவது எப்படி என்று விளக்கினார்கள். சுழற்சிப் பொருளாதாரம் என்று அதற்குப் பெயர். ஓய்வில் இருக்கும் என்னை அங்கே இழுத்துப் போனவர் கவிதா. நான் வேலை செய்த தொழிற்சாலையில் இப்போது டீமேக்கர் அவர்தான். கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தேயிலையாகி மூட்டையில் ஏறும் வரை அதற்குப் பொறுப்பானவரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்.

"ஐயா, நீங்க இத ஒரு தடவ செஞ்சு பார்த்தவர். வந்து ரெண்டு வார்த்த பேசுங்க" என்று கூப்பிட்டார்.

திரையில் ஒரு படம் காட்டினார்கள். வட்டமாகச் சில தொழிற்சாலைகள், அவற்றுக்கு நடுவே பச்சை அம்புக்குறிகள். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழிற்சாலைக்குள் நடப்பதெல்லாம் எனக்கும் தெரியும், பக்கத்துத் தொழிற்சாலைக்காரருக்கும் தெரியும். நாங்கள் பட்ட பாடு முழுவதும் அந்த அம்புக்குறிக்குள்ளே தான். இதைச் சொல்ல எனக்குக் கிடைத்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்திய கொஞ்ச நேரம். சோற்றுப் பானையைத் திறந்து வைத்துவிட்டு யாரிடம் பேச முடியும்? அதனால் எழுதுகிறேன்.

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் பாதையில் ஏறினால் எங்கள் தொழிற்சாலை வரும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தேன், கொழுந்து மாடியில் கூலியாகச் சேர்ந்தேன், உதவி டீமேக்கராகிப் பிறகு டீமேக்கர் ஆனேன். நடுவில் வாங்கிய திட்டுகளை எழுதினால் இன்னொரு கட்டுரை வேண்டும். கற்றதில் முதலாவது பாடம் ஒன்றுதான். தேயிலைக்கு எந்த வாசனையையும் மறுக்கத் தெரியாது. பக்கத்தில் எது இருந்தாலும் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கொழுந்து மாடிக்குப் பெண்கள் மல்லிகைப் பூவோடு வந்தால் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். வாசனை எண்ணெய் தடவிய தலைக்குத் துணி கட்ட வேண்டும். கல்யாண வீட்டிலிருந்து நேரே வேலைக்கு வந்த ஒருவரை, சந்தனம் கழுவிவிட்டு வா என்று நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்த மாடியில் நீளமான தொட்டிகள் இருக்கும். அவற்றில் கொழுந்தைப் பரப்பி, தொட்டியின் தலைமாட்டில் இருக்கும் பெரிய காற்றாடியால் வெளிக்காற்றை இழுத்து அடியிலிருந்து ஊதுவோம். கொழுந்து வாடுவது அந்தக் காற்றில்தான். வாடிய கொழுந்தை அரைத்து, புளிக்க வைத்து, கடைசியில் சூட்டில் காய வைப்போம். அந்தச் சூட்டுக்கு விறகு வேண்டும்.

பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் விறகு லொறிகள் வரவில்லை. கொழுந்து பறித்து வந்து நிற்கிறது, அடுப்புக்குத் தீனி இல்லை. எங்கள் தோட்டத்தின் மனேஜர் ரணவீர தொரை அப்போதுதான் நஸீர் ஹாஜியாரின் பெயரைச் சொன்னார்.

ஹாஜியாரின் எண்ணெய்ப் பட்டறை எங்களுக்குக் கீழே ஓடைக்கரையில் இருக்கிறது. கறுவாப்பட்டை மரத்தின் இலையைப் பெரிய பாத்திரத்தில் அடைத்து நீராவி விட்டு எண்ணெய் எடுப்பார்கள். எண்ணெய் போன இலையில் ஒரு பங்கை அவர்களே அடுப்பில் போட்டு எரிப்பார்கள். அதற்கு மேலே மிஞ்சியது மலையாகக் குவிந்து கிடந்தது. மழை வந்தால் அது சரிந்து ஓடையில் இறங்கும். தண்ணீர் கறுத்துப்போகிறது என்று கீழே இருக்கும் கிராமத்தவர்கள் முறைப்பாடு செய்திருந்தார்கள். அடுத்த முறை வரும்போதும் குவியல் கிடந்தால் அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று சுற்றாடல் அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அனுமதி இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு. எங்கள் லயத்துப் பெண்களில் பாதிப் பேர் தேயிலை இல்லாத நாட்களில் அங்கேதான் இலை கட்டப் போனார்கள். ஆகவே பூட்டு விழுந்தால் எங்கள் லயத்து அடுப்பிலும் விழும்.

எங்களுக்கு விறகில்லை, அவருக்கு இலை வைக்க இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடலாம் போலத்தான் இருந்தது.

முதல் சிக்கல் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. 'கழிவு இலை' என்று தொரை எழுதி அனுப்பியதற்கு, தேயிலைத் தொழிற்சாலை கழிவைப் பொறுப்பேற்கக் கூடாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று பதில் வந்தது. தொரை 'எரிக்கும் இலை' என்று மாற்றி எழுதினார். சரி என்று பதில் வந்தது. இலை அதே இலைதான்.

இரண்டாவது சிக்கலுக்கு நானே வாசல் திறந்தேன், அல்லது திறக்கவில்லை. பேசி முடிக்க ஹாஜியார் தொழிற்சாலைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, நல்ல அத்தர். அந்த வாசம் அவருக்கு முன்னால் வந்தது. என் தொழில் புத்தி விடுமா? வாசலிலேயே நிறுத்தி, வெளியே இருந்த கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஹாஜியாரின் முகம் மாறிவிட்டது.

"என்ன டீமேக்கர், என்ட குப்பைய மட்டும் உள்ளுக்கு எடுப்பீங்க, என்ன எடுக்க மாட்டீங்களா?"

காரணத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு முடிந்தது. காய்ந்த இலையை அவர் தருவார், எங்கள் லொறி போய் ஏற்றி வரும். இவ்வளவுதான் ஒப்பந்தம். 'காய்ந்த' என்ற சொல்லை இரண்டு பக்கமும் மனதார ஏற்றுக்கொண்டது. அதை யார் காய வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏற்றுமுன் அவர் காய வைப்பார் என்று நாங்கள் நினைத்தோம். எரிக்குமுன் நாங்கள் காய வைப்போம் என்று அவர் நினைத்தார்.

எங்கள் கவனமெல்லாம் புகைமேல் இருந்தது. புகை தேயிலையில் ஏறிவிடுமோ என்று பயந்து அடுப்புச் சூளையின் குழாய்களைப் பிரித்துப் பார்த்து, ஓட்டை இருந்த இடத்தை அடைத்து, புகைபோக்கியைக்கூட உயர்த்தினோம். லொறி வந்தது. இலை ஈரமாக, பாத்திரத்திலிருந்து எடுத்த சூட்டோடு இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்ததால் சாரதி கூரை இருந்த இடமாகப் பார்த்து இறக்கினார். எங்கள் தொழிற்சாலை வளவில் ஒரு லொறி இலை கொள்ளும் கூரை இருந்தது ஒரே இடத்தில், கொழுந்து மாடிக் காற்றாடிகளுக்கு நேர் கீழே. நான் அன்று கண்டியில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். உதவி டீமேக்கர் சூளைக் குழாயைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். வாசம் பின்வாசலால் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது.

மறுநாள் ருசி பார்த்தோம். ரணவீர தொரை ருசி பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, அளந்த தேயிலைமேல் அப்போதுதான் கொதித்த தண்ணீரை ஊற்றி மூடுவோம். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். மூடியைத் திறந்து முதலில் ஊறிய இலையை முகருவார். பிறகு கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுற்றவிட்டு, துப்புவார். அந்த நேரத்தில் எல்லோரும் மூச்சு விடக்கூட யோசிப்போம். அன்று மூன்றாவது கோப்பையில் நின்றார். மறுபடியும் உறிஞ்சினார். எனக்கு நீட்டினார்.

தேயிலையில் கறுவா எண்ணெய் குதித்துக்கொண்டிருந்தது. பண்டிகை நாளில் விருந்தாளிக்குக் கொடுக்கலாம். கொழும்பில் ஏலத்துக்கு அனுப்பினால் எங்கள் தோட்டத்தின் பெயருக்கே கேடு. வாசம் ஏறிய தேயிலை என்று ஒருமுறை பெயர் வந்தால் வாங்குகிறவர்கள் எங்கள் முத்திரையைப் பார்த்ததும் அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்கள். அந்த நாளின் தேயிலை முழுவதையும் ஒதுக்கினோம்.

"ஹாஜியார் ஏமாத்திட்டார் தொரை. ஈர இலைய அனுப்பியிருக்கார். இதோட நிப்பாட்டிருவோம்" என்றேன்.

தொரை சத்தம் போடுகிற ஆள் இல்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது மற்றவரைப் பற்றிக் குறை சொன்னால், அந்த மற்றவராக நின்று பேசச் சொல்லுவார். கேட்பதற்கு நன்றாக இருக்கும். மாட்டிக்கொள்கிறவனுக்குத்தான் அதன் எரிச்சல் தெரியும்.

"இப்ப நீங்கதான் ஹாஜியார். டீமேக்கர் பத்தி உங்க கொற என்ன, சொல்லுங்க" என்றார், சிங்களம் கலந்த தன் தமிழில்.

"எனக்கு எப்படித் தெரியும் தொரை?"

"தெரியும். சொல்லுங்க."

சொன்னேன். என்னை வாசலில் உட்கார வைத்தார்கள். என் பட்டறை ஓடைக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒடுங்கிய இடம், அங்கே எங்கே காய வைப்பது? இலையைச் சும்மா கொடுக்கிறேன், காய வைத்தும் கொடுக்க வேண்டுமா? சொல்லச் சொல்ல என் கோபத்தில் பாதி கழன்றுவிட்டது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஆனால் தொரை யோசித்தது வேறு. "எண்ணெய் எடுத்து முடிஞ்ச இலையில இவ்வளவு வாசம் எப்படி மிஞ்சும்?" என்று கேட்டார். நான் ஹாஜியாரிடம் தொலைபேசியில் அதையே கேட்டேன். எங்கட தொழில் எங்களுக்குத் தெரியும் என்று வைத்துவிட்டார். குப்பை வாய் திறந்தால் வீட்டுக்காரரின் எல்லாக் கதையையும் சொல்லிவிடும். எவ்வளவு நேரம் காய்ச்சினார், எவ்வளவு எண்ணெயை விட்டார் என்பதெல்லாம் அந்த இலையில் இருந்தது. அதை அவர் காட்ட விரும்பவில்லை. எங்கள் தேயிலை கெட்டதை நாங்களும் வெளியே சொல்ல விரும்பவில்லை. இப்படி ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எதைச் சேர்ந்து செய்வது?

தொரை ஒதுக்கிய தேயிலையில் கொஞ்சத்தைப் பொட்டலம் கட்டினார். என்னையும் ஏற்றிக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனார். பட்டறைக்கு மேலேயே வீடு. ஹாஜியார் மரியாதையாக உட்கார வைத்தார், ஆனால் இறுகிய முகம். தொரை பொட்டலத்தை நீட்டி, "இதுல தேத்தண்ணி ஊத்தச் சொல்லுங்க ஹாஜியார். சீனி வேணாம்" என்றார்.

ஹாஜியாரின் மனைவி ஊற்றிக் கொடுத்து அனுப்பினார். ஹாஜியார் ஒரு வாய் குடித்தார். கோப்பையை முகர்ந்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"இது என்ட எண்ணெயல்லவா" என்றார் கடைசியில்.

"ஆமா. உங்களுக்கு நட்டம், எங்களுக்கும் நட்டம். இத வெளிய சொன்னா எங்க பேரு போயிரும். உங்ககிட்ட சொல்றேன்" என்றார் தொரை.

அதற்குப் பிறகுதான் ஹாஜியார் வாய் திறந்தார். விறகுத் தட்டுப்பாடு அவருக்கும் தான். தோட்டங்களிலிருந்து இலைக் கட்டுகள் வந்து வாசலில் வாடி நிற்கின்றன, குவியலில் கிடக்கும் இலை ஈரத்தில் எரிய மறுக்கிறது, நீராவிக்குப் போதிய தீ இல்லை, அதனால் பாதிக் காய்ச்சலில் பாத்திரத்தைத் திறந்து அடுத்த இலையை அடைத்திருக்கிறார்கள்.

"எண்ணெய் மிச்சமிருக்கிறது எனக்குத் தெரியும் மனேஜர். என்ட பட்டறை அரைகொறயா காய்ச்சுது என்டு மத்தவங்களுக்குத் தெரிஞ்சா வெக்கக்கேடு. அதனாலதான் இவருக்குச் செல்லல்ல" என்று என்னைக் காட்டினார். பிறகு, "இவரு என்ன வாசல்ல வச்சது சரிதான். இப்ப வெளங்குது" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் நான் நனைந்துபோனேன்.

முழுக்கக் காய்ச்சுவதென்று முடிவானது. காய்ந்த இலையில் ஒரு பங்கை அவர் அடுப்புக்கே திருப்பித் தந்தால் அவருக்குத் தீ போதும், மிச்சம் எங்களுக்குப் போதும். மறுபடியும் வந்து நின்றது பழைய கேள்விதான், காய வைப்பது யார்? அதில் இருவரும் அசையவில்லை. வாசம் வருவதால் எங்கள் வளவில் முடியாது என்றேன் நான். ஓடைக்கரையில் ஒரு சாக்கு விரிக்கவும் இடமில்லை என்றார் ஹாஜியார். தொரை எங்களை ஆள்மாற்றிப் பேச வைத்துப் பார்த்தார். நான் ஹாஜியாராகவும் ஹாஜியார் டீமேக்கராகவும் நின்று முன்பைவிட நன்றாகச் சண்டை போட்டோம்.

கடைசியில் இரண்டுக்கும் நடுவழியில் தோட்டம் கைவிட்டிருந்த பழைய உர ஸ்டோரைத் தொரை திறந்துவிட்டார். கூரையும் சீமெந்துத் தரையும் இருந்தன. பொறுப்புக்கு லெச்சுமியை வைத்தோம். அவர் எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்து, என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு போனவர். பிறகு ஹாஜியாரிடம் இலை கட்டி, அவரோடும் சண்டை பிடித்துக்கொண்டு போனவர். இரண்டு பேருக்கும் பயப்படாத ஆள் அந்தப் பக்கத்தில் வேறு யார்? நன்றாகக் காய்ச்சாத இலையையும் தண்ணீர் சொட்டும் இலையையும் அவர் திருப்பி அனுப்பலாம். எங்கள் லொறி காயாத இலையை அவசரத்துக்கு ஏற்ற வந்தால் அதையும் திருப்பலாம். அவர் சொன்னால் இருவரும் கேட்க வேண்டும். சந்தோஷமாகத் தலையாட்டினோம். இன்னொருவர் 'முடியாது' என்று சொல்லும் உரிமையை நம் கையால் எழுதிக் கொடுப்பது எவ்வளவு கசப்பு என்பது, அவர் சொல்லும் நாள் வரை தெரியாது.

எனக்கு அந்த நாள் சீக்கிரமே வந்தது. கொழுந்து குவிந்திருந்த நாளில் லொறியோடு போய் நின்றேன்.

"இன்னும் காயலங்க ஐயா. நாளைக்கு வாங்க."

"லெச்சுமி, கொழுந்து வாடி நிக்குது."

"அது உங்க கொழுந்து. இது என் ஸ்டோரு" என்று கதவை இழுத்துச் சாத்தினார். கையிருப்பு விறகைப் போட்டுச் சமாளித்தேன். இரண்டு நாள் அவர் பெயரைக் கேட்டாலே எனக்குக் காய்ச்சல் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கோப்பைகளில் வாசம் வரவில்லை.

ஹாஜியாருடைய நாள் இன்னும் மோசமாக வந்தது. பழைய குவியல் மெல்ல மெல்லக் கரைந்து தீர்ந்திருந்தபோது, சுற்றாடல் அதிகாரி மறுநாள் வருகிறார் என்று செய்தி வந்தது. பல நாள் மழை விடாமல் பெய்ததில் இலை காயாமல் ஸ்டோர் நிறைந்திருந்தது. பட்டறையில் அப்போதுதான் இறக்கிய இலை கிடந்தது, நல்ல ஈரம். ஹாஜியார் அதை லொறியில் ஏற்றித் தானே கூடப் போனார். லெச்சுமி கையை விட்டுப் பார்த்தார்.

"சொட்டுதுங்க ஹாஜியார். உள்ளுக்குக் காயிறதையும் இது நனைச்சிரும். திருப்புங்க."

"நாளைக்குச் சேர் வாரார் லெச்சுமி. இது அங்க கெடந்தா எனக்குப் பூட்டு."

"எனக்கும் தெரியும். என் மக உங்க பட்டறையிலதான் வேல செய்யுது" என்ற லெச்சுமி, கதவைத் திறக்கவில்லை.

ஹாஜியார் எங்கள் தொழிற்சாலைக்கு ஏறி வந்தார். "உங்கட ஆள் என்ட லொறிய திருப்பிட்டா. நீங்க ஒரு வார்த்த செல்லுங்க."

தொரையின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறக்கும். சொல்லத்தான் வேண்டும் என்று எனக்கும் பட்டது. பல குடும்பங்களின் பிழைப்பு, ஒரு லொறி இலை.

"அவங்க என்ட ஆள் இல்ல ஹாஜியார். உங்க ஆளும் இல்ல. இன்னைக்கு நான் சொன்னா நாளைக்கு டீமேக்கர் சொல்லுவார். அப்புறம் அங்க ஆளே தேவையில்ல" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஹாஜியார் ஸலாம் சொல்லாமல் போனார். எங்கள் கூட்டு அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். தொரைமேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வரத்தான் செய்கிறது.

மறுநாள் மழை விட்டுப் பளீரென்று வெயில். மனம் கேளாமல் தொரையும் நானும் பட்டறைக்கு இறங்கினோம். அதிகாரியின் வாகனம் எங்களுக்கு முன்னால் போய் நின்றது. ஓடைக்கரையைப் பார்த்தோம். வெறும் தரை. ஹாஜியார் இலையை இருட்டோடு எங்கேயாவது கொட்டிவிட்டாரோ என்று எனக்குத் திக்கென்றது. அதிகாரிக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"இருந்ததெல்லாம் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஹாஜியார் பதில் சொல்லாமல் படியேறினார். நாங்கள் பின்னால் போனோம். மகளுக்கு மேல்மாடி கட்டவென்று கம்பிகளை நீட்டிவிட்டிருந்த அந்த வீட்டின் மொட்டை மாடி முழுக்க, கைப்பிடிச் சுவர் வரை, கறுவா இலை பரப்பியிருந்தது. ஹாஜியாரின் மனைவியும் மகளும் லெச்சுமியின் மகளும் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். காய வைக்க ஒரு சாக்கு விரிக்கவும் இடமில்லை என்று என்னோடு வாதாடிய மனிதர், தொப்பி நனைய வியர்த்துக்கொண்டு நடுவில் நின்றார்.

அதிகாரி குனிந்து ஒரு பிடி இலையை அள்ளிக் கசக்கிப் பார்த்தார்.

"இது இன்னும் காயவில்லையே" என்றார்.

"ஓ சேர், காயல்ல" என்றார் ஹாஜியார். "அதனாலதான் இன்னும் அனுப்பல்ல."